எழுதினவள் உயிரோடுதான் இருக்கிறேன்

சொந்தமாகப் பாட்டெழுதி, சொந்தமாகப் பாடி, சொந்தமாக வெளியிடுவது எங்கள் தொழில். அது எங்களுக்குச் சொந்தம் என்று மட்டும் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டு அறையிலேயே பாட்டுப் போடும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். நான் எட்டாவது வரை படித்தவள். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான் அம்மன் பாட்டு எழுத ஆரம்பித்தேன்.

படுக்கையறை ஸ்டுடியோ

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் படுக்கையறைதான் ஸ்டுடியோ. மகள் கவிதா லேப்டாப்பில் பதிவு செய்து யூடியூபில் போடுவாள். எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் போர்வை. வெளிச்சத்தம் வராமல் இருக்க ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிடுவோம். கடலைப் பார்த்து நிற்கும் அம்மனைப் பற்றிய என் முதல் பாட்டைச் சித்திரை வெயிலில் பதிவு செய்தோம். ஆறாவது தடவை சரியாக வந்துகொண்டிருந்தபோது, பனியன் நனைந்து ஒட்ட வீட்டுக்காரர் கதவைத் திறந்தார்.

“ஏன்டி, இந்தச் சூட்டுல எனக்கு அம்மை போட்டுதுன்னா, அதுக்கும் உன் அம்மன்கிட்டதான் போயி நிக்கணும்!”

ஆடிக் கூழ்

ஆடி மாசம் குருசுக்குப்பத்தில் கூழ் வார்த்தார்கள். நான் போய் நின்ற நேரம் ஒலிபெருக்கியில் என் பாட்டு! கையெடுத்துக் கும்பிட்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனசு கேட்காமல் சவுண்டு செட்டுக்காரரிடம் போய், “இது நான் எழுதுனதுங்க” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சும்மா இரும்மா! இது அந்தக் காலத்துப் பாட்டு. எழுதுனவங்க செத்து எவ்ளோ வருசமாச்சு!”

கூழ்ச் சொம்போடு வீட்டுக்கு வந்து, என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தங்க எழுத்து

விசாரித்தால், யாரோ ஒருத்தர் என் பாட்டை அப்படியே எடுத்து, தன் சேனலில் தங்க எழுத்தில் தன் பேரோடு போட்டிருக்கிறார். கவிதா நம்பரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தாள். நான் கோபத்தை அடக்கி, “அதுல என் பேரைப் போடுங்க, அது போதும்” என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

“பக்திப் பாட்டுக்குப் பேரு எதுக்கும்மா? சாமிக்குக் காணிக்கை குடுத்ததா நெனச்சுக்கங்க.”

சாமிக்குத்தான் கொடுத்தேன், இவருக்கா கொடுத்தேன்? அப்படியானால் இவர் பேர் மட்டும் ஏன் தங்கத்தில் மின்னுகிறது?

கடைசி அடி

பாட்டின் கடைசி அடியில் எழுதினவர் பேரை வைப்பது பழைய வழக்கம். தற்பெருமையாகத் தெரியும் என்று முதல் பாட்டில் நான் அதை விட்டிருந்தேன். இந்த முறை விடவில்லை. அடுத்த பாட்டில் ‘தனலட்சுமி பாடும் தாயே’ என்றே முடித்தேன். இனி யார் திருட முடியும்?

எங்கள் தெரு பஜனைக் குழு அதைக் கற்றுக்கொண்டு கோயிலில் பாடியது. முன்வரிசையில் உட்கார்ந்து கடைசி அடிக்காகக் காத்திருந்தேன். ‘குணசேகரன் பாடும் தாயே’ என்று முடித்தார்கள். குணசேகரன் கோயில் கமிட்டித் தலைவர். ஒரு வரி பாடத் தெரியாது. குழுத் தலைவி சரளா சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

“கோச்சிக்காதக்கா, மைக்கு செட்டு அவரு குடுத்தது. உன் பேரு இருந்த எடத்துல அவரு பேரைப் போட்டோம், தாளத்துக்கு அப்படியே ஒக்காந்துடுச்சு!”

எழுதினது நான்தான் என்று அம்மனுக்குத் தெரியும் என்ற தைரியத்தில் மூன்றாவது பாட்டை ஆரம்பித்துவிட்டேன். ஆனால் தெரிந்தவள் ஒருத்தி, அவளும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாளே!