சாரலில் காயாத மண்முகம்

சகோதரிகளே, நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். எழுத்து கோணல், ஞாபகமும் முன்னைப்போல இல்லை. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். தென்காசி உலகம்மன் எங்கள் வீட்டுக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

எங்களுக்கு வடகரை. நெல் விவசாயம். மருமகள் கோமதி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு தானும் கல்லூரியில் சேர்ந்தாள். ஓவியமும் சிற்பமும் படிப்பு. டிராயிங் டீச்சர் ஆக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மற்ற எல்லாப் பாடமும் தேறிவிட்டாள். களிமண் வகுப்புதான் பாடாய்ப் படுத்தியது. மனிதத் தலை ஒன்றை மண்ணில் செய்து, சூளையில் சுட்டு, முழுசாய்க் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பட்டம் இல்லை.

போன வருஷம் ஆனியில், என் வீட்டுக்காரர் மதியம் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே செய்தாள். மீசை, லேசாய்த் திறந்த வாய், எல்லாம் அப்படியே. ஆனால் சாரல் காலம். வெயிலே இல்லை. எங்கள் பக்கம் ஈரத்துணியை அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தானே காயப்போடுவோம். அந்தப் பழக்கத்தில் தலையையும் விறகடுப்புப் பக்கமே வைத்தாள். மேலே காய்ந்தது, உள்ளே ஈரம் நின்றுவிட்டது. சூளையில் வெடித்தது. மறுபடி செய்தாள். அதுவும் வெடித்தது.

"ஏலே, உன் பொண்டாட்டி என் தலைய ரெண்டு தடவ வெடிக்க வச்சிட்டா. அடுத்தது நெசத் தலதான்," என்றார் வீட்டுக்காரர், மகன் முருகனிடம். கோமதியும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் அடுப்படிக்கு வந்து அழுதாள்.

"ஆடி முடியுததுக்குள்ள குடுக்கணுமாம் அத்தை. எனக்குக் கை வராதுன்னு சார் நெனைக்காரு."

"நீ என்ன நெனைக்க?"

"கை வரும் அத்தை. மண்ணுதான் காய மாட்டேங்கு."

எனக்கு மலைப்பாக இருந்தது. தோசை ஒன்று பிய்ந்தாலே மாவை மூடிவைக்கிறவள் நான். இவள் மறுநாள் காலையிலேயே திரும்ப மண் பிசைய உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் நின்று, "தாயே, வெயிலைக் கொடு" என்று அழுதேன். வெளியே வந்தால் சாரல் கூடியிருந்தது. பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே வந்தேன். இவ்வளவுதானா தாயே என்று நினைத்தேன்.

வீட்டில் அப்பனுக்கும் மகனுக்கும் சண்டை. முருகன் குற்றாலத்தில் அருவிக்குப் போய் போனை நனைத்துவிட்டு, அதை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தான்.

"பொங்கித் திங்குத அரிசிலயா போடுத, கூறு கெட்ட பயலே?"

"ஈரத்த மெதுவா இழுத்துரும்ப்பா. எல்லாரும் இப்படித்தான் செய்யுதாங்க."

கோமதி அரிசி டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "அத்தை, மாமாவோட பழைய வேட்டி இருக்கா?" என்றாள்.

புதுத் தலையை வேட்டியில் சுற்றி, காய்ந்த நெல்லுக்குள் புதைத்தாள். தினமும் துணி மாற்றினாள். நெல் மாற்றினாள். அவசரப்படவில்லை. எனக்குத்தான் எடுத்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. முருகனின் போன் பிழைக்கவில்லை. ஆனால் தலை உள்ளும் புறமும் ஒன்றுபோலக் காய்ந்தது.

ஆடிக் கடைசியில் சூளைக்குப் போனது. சூளை திறக்கிற அன்று நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கோமதி பஸ்ஸிலிருந்து இறங்கினாள், மடியில் வைத்துக் கொண்டுவந்த மூட்டையோடு. ஒரு கீறல் இல்லை. சாரே கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்தாராம்.

"நான் இப்படியா வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குதேன்?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமா மாமா," என்றாள் கோமதி.

இந்த வருஷம் பட்டம் வாங்கிவிட்டாள். நான் வெயில் கேட்டேன். அம்மன் நனைந்த போனைக் கொடுத்தாள். அதைப் பார்க்கிற கண்ணையும் கோமதிக்குக் கொடுத்தாள். இப்போதெல்லாம் நான் வழி சொல்லி வேண்டுவதில்லை. கஷ்டத்தில் இருக்கிற சகோதரிகளே, நீங்களும் அவளிடம் விட்டுவிட்டு, உங்கள் கைவேலையை நிறுத்தாமல் செய்யுங்கள்.

சூளை விஷயம், மண் விஷயம் நான் தப்பாய் எழுதியிருக்கலாம். அச்சில் போடும்முன் யாராவது கோமதியிடம் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். அம்மனைப் பற்றி எழுதியதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.