கடைமடை வரைக்கும்

அம்மாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். இரண்டு வாய் சோறு இறங்கினாலே வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளிவிடுவாள். வாயுத் தொல்லை என்று நாங்கள் பல மாதம் பெருங்காயத்தை நம்பியிருந்தோம். எங்கள் அறிவு அவ்வளவுதான். தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை செய்து கட்டியை எடுத்தார்கள். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்துக்கு, மருந்தை நேராக வயிற்றுக்குள்ளேயே விடப்போவதாக டாக்டர் சொன்னார்.

“நரம்புல ஏத்தினா உடம்பெல்லாம் சுத்தும். இது நோய் இருக்கிற இடத்துலயே நின்னு வேலை செய்யும். உள்ள விட்டதும் கால் மணிக்கொரு தரம் அவங்க திரும்பிப் படுக்கணும். அப்பதான் எல்லா மூலைக்கும் போகும்.”

அப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். “கடைமடைக்கும் போயிடுங்களா?”

டாக்டர் வெளியூர்க்காரர். “எல்லா இடத்துக்கும் போகும்ங்க” என்றார். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. எங்கள் நிலம் அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் முடிகிற கடைமடையில் இருக்கிறது. இதே பதிலை வருடா வருடம் அதிகாரிகளிடம் கேட்டுவிட்டு வந்து, கருகிய பயிரைப் பார்த்தவர் அவர்.

மொத்தம் ஆறு தடவை மருந்து விட வேண்டும். முதல் தடவை செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றார். அலாரம் அடித்ததும், “இந்தப் பக்கம் பாஞ்சாச்சு, மடையை மாத்து” என்பார். அம்மா முனகிக்கொண்டே புரள்வாள். “நான் என்ன வயலாங்க?”

இரண்டாவது தடவை, கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தைப் பையிலிருந்து எடுத்தார். எனக்கு மானம் போயிற்று. கட்டில் சட்டத்தில் வைத்தால் குமிழி மேடான மேற்குப் பக்கம் ஓடியது.

“சிஸ்டர், கட்டில் கிழக்க தாழ்ந்திருக்கும்மா. மருந்து பூரா அங்கயே தேங்கிடும்.”

“அதுக்குத்தானே சார் திருப்பித் திருப்பிப் படுக்கச் சொல்றோம்!” என்று நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். அப்பா கேட்கவில்லை. அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்து, கட்டில் காலுக்கு அடியில் சொருகினார்.

அதைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டில்காரர்களும் கூப்பிட்டார்கள். அங்கே படுத்திருந்தவருக்குக் கையில் வெறும் குளுக்கோஸ்தான் ஏறிக்கொண்டிருந்தது. நாலாவது தடவைக்குள், டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்னால் அப்பா ரசமட்டத்தோடு ஒரு ரவுண்ட்ஸ் முடித்திருப்பார். ஒருநாள் அதே நர்ஸ், “இன்ஜினியர் சார், எங்க மேசையும் ஆடுது, கொஞ்சம் பாருங்க” என்றார்.

ஆறு தடவையும் முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே காகிதத்தை நீட்டினார். “ஒண்ணும் இல்லைங்க. சுத்தமா இருக்கு.”

நான் அழுதுவிட்டேன். அப்பா காகிதத்தைத் தொடவே இல்லை. “பேப்பர்ல எப்பவும் கடைமடைக்குத் தண்ணி வந்துடும் டாக்டர்” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ரசமட்டத்தைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் அவர் குரல் நடுங்கியது. இத்தனை நாளும் இந்த மனிதர் பயந்துபோய்த்தான் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கேன்டீனுக்குப் போனோம். அம்மாவுக்கு இரண்டு இட்லி வாங்கினால் ஒன்றரை அப்பாவுக்கு வந்துவிடும். அன்றைக்கு இரண்டையும் தின்று முடித்துவிட்டு அவர் தட்டையே பார்த்தாள்.

“ஏங்க, அந்த வடையை நீங்க சாப்பிடப் போறீங்களா?”

அப்பா தட்டை அப்படியே அவள் பக்கம் தள்ளினார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, கேன்டீனே திரும்பிப் பார்க்கும்படி அழுதார்.