நிறுத்தக்கா

“சின்னக் கோடுன்னு சொல்லாதீங்க. கோடுன்னு சொல்லுங்க. சின்னதா பெருசான்னு நான் பாத்துக்கறேன்.”

யாரையாவது இப்படி அதட்டிக்கொண்டேதான் நிறுத்தக்கா பூச்சுப் பிரிவுக்குள் நுழைவார். தலையில் வெள்ளைக் குல்லாய், காலில் உறை, நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. உட்காருவதற்கு முன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஓடிக்கொண்டிருக்கும் தாளை ஓரக்கண்ணால் பார்ப்பார். நேராகப் பார்த்தால் கறுப்புப் பூச்சு மேடு பள்ளத்தை மறைத்துவிடுமாம். சாய்ந்து பார்த்தால் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடுமாம். இந்தச் சாய்வு அவர் உடம்போடு ஒட்டிக்கொண்டது. புதிதாகச் சாயம் அடித்த சுவரையும், தையற்காரர் நீட்டும் சட்டையையும், தங்கை மகள் வரைந்த யானையையும் அப்படித்தான் பார்ப்பார். இவர் தலை தெரிந்தால் தையற்காரர் ஒரு விளக்கை அணைத்துவிடுவதாகக் கேள்வி.

எங்களுடையது பேட்டரி ஆலை. ஜவுளிக்கடையில் துணியை உருட்டி விடுவதுபோல, செம்புத் தாள் ஒரு பக்கம் அவிழ்ந்து ஓடும். அதன்மேல் மைபோன்ற கறுப்புக் குழம்பு படியும். நீண்ட உலர்த்திக்குள் போய்க் காய்ந்து, மறுபக்கம் சுருண்டுகொள்ளும். வழியில் கேமராக்களும் கனம் அளக்கும் கருவிகளும் தாளை ஒரு விரற்கடைகூட விடாமல் பார்த்து, பார்த்த கணமே திரையில் சொல்லிவிடும். பச்சை என்றால் சரி. மஞ்சள் என்றால் கவனி. சிவப்பு என்றால் லைன் தானாக நின்றுவிடும். எது சிவப்பு என்று எல்லை வகுப்பதும், நின்ற லைனை மறுபடி ஓட்டலாமா என்று முடிவெடுப்பதும் தரப் பொறியாளரான இவர் வேலை. ‘நிறுத்து’ என்பதும் ‘அக்கா’ என்பதும் புணர்ந்து ‘நிறுத்தக்கா’ ஆனது இப்படித்தான். நான் சரக்கு அனுப்பும் பிரிவில் இருப்பவன். லைன் நின்றால் என் லாரிகளும் நிற்கும். ஆகவே இவரைப் புகழ எனக்குச் சொந்த லாபம் எதுவும் கிடையாது.

தப்பும் செய்திருக்கிறார். ஒருமுறை கேமராவின் கண்ணாடியில் ஒரு பூச்சி உட்கார்ந்தது. திரை சிவந்தது, லைன் நின்றது. இவர் முழுச் சுருளையும் அவிழ்க்க வைத்து, மதியம் வரை எல்லாரையும் தேட விட்டார். பூச்சி அதற்குள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. “பூச்சிக்குப் பயந்து கடையைச் சாத்தினாங்களாம்!” என்று உற்பத்தி மேலாளர் கேண்டீனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த மேலாளர் வேறு யாருமல்ல, இவருடைய தங்கை கணவர். ஆலைக்குள் ‘சார்’, ‘மேடம்’. வீட்டில் ‘மாப்பிள்ளை’, ‘அண்ணி’. உறவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். திரும்பும்போது மாட்டிக்கொண்டு போவார்கள்.

மின்சாரச் சக்கர நாற்காலி செய்யும் நிறுவனத்திடமிருந்து பெரிய ஆர்டர் வந்திருந்த நேரம். காய்ச்சலில் படுத்து எழுந்து நிறுத்தக்கா வேலைக்குத் திரும்பினார். திரையில் ஒரே பச்சை.

“நீங்க இல்லாதப்ப ஒரு சிவப்புகூட வரலக்கா. மிஷினுக்கே உங்களைப் பாத்தாதான் பயம் போல” என்றார் லைனை ஓட்டுபவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“கைக்குழந்தை நாள் முழுக்க அழலைன்னா கொஞ்சிட்டு இருப்பீங்களா, டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுவீங்களா?”

தலையைச் சாய்த்தார். கறுப்பின் நடுவே மெல்லிய கோடு. கோட்டின் மேல் குருணை குருணையாகக் கட்டிகள். திரையோ பச்சை. திரையின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால், அவர் வகுத்து வைத்த எல்லைகளை யாரோ தளர்த்தியிருந்தார்கள். போன வாரம் சிவப்பாக இருந்ததெல்லாம் இந்த வாரம் பச்சை. லைனை நிறுத்திவிட்டார்.

மேலாளர் ஓடி வந்தார். “என்ன மேடம், மறுபடியும் பூச்சியா?”

“லிமிட்டை யாரு மாத்தினது?”

“நான்தான். சும்மா சும்மா நிக்குது. பாதி பொய் அலாரம். கொஞ்சம் தளர்த்தினேன், அதுக்குள்ள குடியா முழுகிடும்?”

“பொய்யா நிஜமான்னு பாக்கத்தானே என்னை வெச்சிருக்கீங்க? காய்ச்சல் அடிச்சா தெர்மாமீட்டர்ல கோட்டை ஏத்தி வரைஞ்சுக்குவீங்களா?”

“எல்லார் முன்னாடியும் சத்தம் போடாதீங்க.”

“எழுந்து ஓட முடியாதவங்க உக்கார்ற வண்டி அது, மாப்பிள்ளை! தீப்பிடிச்சா எப்படி இறங்குவாங்க?”

‘மாப்பிள்ளை’ என்ற சொல் ஆலைக்குள் விழுந்தது அதுதான் முதல் தடவை. ஓட்டுபவர் சுவர்ப்பக்கம் திரும்பி இருமினார். மேலாளருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. அந்த வாரம் அந்தப் பிரிவு கண்ட ஒரே சிவப்பு அது.

நிறுத்தக்கா மிகைப்படுத்தவில்லை. பேட்டரிக்குள் இரண்டு தாள்களுக்கு நடுவே இருப்பது சவ்வு மாதிரி ஒரு தடுப்பு. ஒரு கட்டி அதைக் குத்திவிட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறும். பிறகு யாரும் எதையும் நிறுத்த முடியாது.

எல்லைகளை அன்றே பழையபடி ஆக்கிவிட்டார். ஆனால் அவர் படுத்திருந்த நாட்களில் ஓடிய தாள் பேட்டரியாகி, என் லாரியிலேயே ஏறிப் போயிருந்தது. வாங்கியவர்களுக்குச் சொல்லிவிடலாம் என்றார். “பாத்துக்கலாம்” என்றார் மேலாளர். நிறுத்தக்கா முதலாளியிடம் போனார். “கம்ப்ளெயின்ட் வரட்டும்மா, பாத்துக்கலாம்.”

“எப்படி சார் வரும்? சாம்பலா வந்து கம்ப்ளெயின்ட் குடுக்குமா?” என்று கேட்டுவிட்டு வெளியே வந்தவர், நேரே என் மேசைக்கு வந்தார். சரக்கு போன இடத்தின் எண்ணைக் கேட்டார். கொடுத்தேன். என் தொலைபேசியிலேயே பேசினார். தான் யார், என்ன வேலை என்று சொல்லி, “எதையும் நாற்காலியில மாட்டாதீங்க. மாட்டினதைக் கழட்டுங்க. எங்க தப்பு” என்றார். தொலைபேசிக் கம்பியைச் சுற்றிச் சுற்றி விரல் வெளுத்துப்போயிருந்தது.

சரக்கு திரும்பி வந்தது. சோதனை அறையில் மின்னேற்றியபோது சில பேட்டரிகள் தவளை வயிறாக ஊதின. ஒன்று புகைந்தது. நல்லவேளை, எந்த நாற்காலியிலும் எதுவும் நடக்கவில்லை.

அடுத்து நடந்ததைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. ஊழியர் கூட்டத்தில் முதலாளி எழுந்து, சமயத்தில் சரக்கைத் திரும்பப் பெற்று ஆலையின் மானத்தைக் காத்ததாக உற்பத்தி மேலாளரைப் பாராட்டினார். கை தட்டினார்கள். அனுமதியில்லாமல் வெளியாரிடம் பேசிய குற்றத்துக்காக நிறுத்தக்காவை ஸ்டோருக்கு மாற்றினார்கள். வந்து இறங்கும் அட்டைப்பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். எரியாமல் தடுத்தவரின் வீட்டிலும் பிடுங்கத் தெரிந்தவர்கள் இவர்கள்.

ஸ்டோரில் அவரைப் பார்க்கப் போனேன். அழுவார் என்று நினைத்தது என் மடத்தனம். “திரை முன்னாடி இப்ப யாரு?” என்றார்.

“புதுசா ஒரு பொண்ணு.”

“நிறுத்தறாளா?”

“நேத்து ஒரு தடவை நிறுத்தினா.”

“ம்” என்று சொல்லிவிட்டு, நசுங்கிய பெட்டி ஒன்றை வண்டிக்காரரிடமே திருப்பித் தள்ளினார்.

தங்கை மகளின் பிறந்தநாள் வந்தது. எனக்கும் அழைப்பு. அந்த வீட்டுக்கா போகப் போகிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். “அது என் தங்கச்சி வீடு. அவரும் அங்க குடியிருக்கார், அவ்வளவுதான்.”

வந்திருந்தார். குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சினார். தங்கையோடு சமையலறையில் சிரித்துப் பேசினார். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். மேலாளரே சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உற்சாகமாகப் பரிமாறி வந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த விருந்தாளியிடம், “அந்தச் சரக்கை மட்டும் நாம திருப்பி வாங்கலைன்னா என்ன ஆயிருக்கும், யோசிச்சுப் பாருங்க!” என்றார்.

அப்படியே நகர்ந்து, “அண்ணி, கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?” என்று குனிந்தார்.

நிறுத்தக்கா நிமிரவில்லை. கையை விரித்துத் தட்டின் மேல் கவிழ்த்தார். மேலாளர் கரண்டியோடு அடுத்தவரிடம் போகும்வரை அப்படியே வைத்திருந்தார். பின்னாலேயே தங்கை வேறொரு கரண்டியோடு வந்ததும், கையை எடுத்துக்கொண்டார்.