மதினி பாடிய கடைசி வரி

மெதுவாகப் பாட வேண்டிய இடத்தில் மதினியின் குரல் ஓங்கி எழுந்தது. மாதா கோயிலின் மேல்மாடத்தில் பாட்டுப் பழகிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். அவள் மட்டும் தாளில் வைத்த கண்ணை எடுக்காமல் பாடிக்கொண்டே போனாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதிதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

மதினி என் அண்ணனின் மனைவி. திரேஸ்புரத்துக்கு வாழ வந்த நாளிலிருந்து கோயில் பாடகர் குழுவில் அவள்தான் முதல் குரல். அவள் நாத்தனாரான நான் கால் ஆர்மோனியம் வாசிப்பேன். 1960களின் நடுவில் அவளுக்குக் காசநோய் வந்தது. மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். கைக்குழந்தையைத் தருவைகுளத்தில் அவள் அம்மா வீட்டில் விட்டிருந்தோம். நோய் தீர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும், அவள் இருமினால் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்ளும். குழந்தை வீட்டுக்குத் திரும்பி அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

அன்று எல்லோரும் போன பிறகு பின்னால் நின்று அவளைக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் பதறிப்போனாள். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"ஏளா, அண்ணன்ட்ட சொல்லிராத. ஊசி போட்டதுல காது கொஞ்சங் கொஞ்சமா போயிட்டு. இது தெரிஞ்சா நோயும் போகலன்னுதான் ஊரு பேசும். பிள்ளைய மறுபடி தூக்கிட்டுப் போயிருவாக."

சுருதி அவளுக்குத் தப்பவில்லை. அது தொண்டையிலேயே பழகியிருந்தது. தன் குரல் எவ்வளவு பெரிதாக வெளியே போகிறது என்பதுதான் தெரியவில்லை. எங்கள் பாட்டுகள் மேல்நாட்டு முறையில் அச்சிட்டவை. ஸ்வரங்களுக்குக் கீழே 'பி' என்ற எழுத்து இருந்தால் மெதுவாக, 'எஃப்' இருந்தால் உரக்க. ஒரு ஸ்வரத்தின் தலைமேல் படுத்த அம்புமுனை போல ஒரு குறி இருந்தால் அதை மட்டும் அழுத்திப் பாட வேண்டும். இரண்டு கோடுகள் நீண்டு ஒடுங்கிக்கொண்டே போனால் குரலும் கூடவே ஒடுங்க வேண்டும். நாங்கள் அவற்றைப் பார்த்தும் பாராமலும் பாடிவிடுவோம். மதினியோ ஒவ்வொரு குறியையும் விரலால் தடவித் தடவி மனப்பாடம் செய்தாள். ஆர்மோனியத்தின் பலகையில் இடது கையை வைத்துக்கொள்வாள். நான் மிதியை அழுத்தினால் பலகை அதிரும், தளர்த்தினால் அடங்கும். அந்த அளவுக்குக் குரலை வைத்துக்கொள்ள இருவருமாகப் பழகினோம்.

திருவிழாப் பூசையில் சனங்களுக்கு நன்மை அப்பம் கொடுத்து முடிந்ததும் அவள் தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சரி என்று தலையாட்டிவிட்டாள்.

திருவிழாவன்று கோயில் நிரம்பி வழிந்தது. முதல் இரண்டு சரணமும் பிசகவில்லை. அழுத்த வேண்டிய ஸ்வரங்கள் அழுத்தமாக விழுந்தன. கடைசிச் சரணத்தில் என் கால் சட்டென்று தரையில் தட்டியது. மிதிப்பலகையின் வார் அறுந்துபோயிருந்தது. காற்று நின்று பலகை அடங்கியது. மதினியின் விரல்கள் மரத்தில் அங்குமிங்கும் தேடின. என்னைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் கையை விரித்தேன்.

அவள் தாளைப் பார்த்தாள். கடைசி வரியின் கீழே அந்த இரண்டு கோடுகள் ஒடுங்கிக்கொண்டே போயின. துணையில்லாமல் தொடர்ந்து பாடினாள். குரல் சிறுத்தது, இன்னும் சிறுத்தது. ஒரு கட்டத்தில் உதடுகள் மட்டுமே அசைந்தன. தான் பாடிக்கொண்டிருப்பதாகவே அவள் நினைத்திருந்தாள். கீழே ஒருவரும் அசையவில்லை. அந்த அமைதி எப்போது சிரிப்பாக உடையுமோ என்று நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாயை மூடிய பிறகுதான் சாமியார் எழுந்து செபத்தைத் தொடங்கினார்.

படியிறங்கும்போது, "உனக்குக் கேட்டுச்சாளா?" என்றாள். கடைசி வார்த்தைகள் எனக்கும் கேட்கவில்லை என்று சைகையால் சொன்னேன். சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

இன்று அந்த மாடத்தில் மைக் வைத்துப் பாடுகிறார்கள். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். பாட்டு ஒடுங்கும் இடம் வந்தால் எனக்கு மட்டும் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. மதினி அதன் பிறகு தனியாகப் பாடவே இல்லை.

திருவிழாவன்று மத்தியானமே அவள் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். "எனக்குக் காது கேக்கல. இனிமே மறைக்க முடியாது."

அண்ணன் துறைமுகத்தில் லாஞ்சுப் படகு ஓட்டுபவன், எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசியே பழகியவன். ஆனாலும் வீட்டில் அவன் பேசுவது அடுத்த அறைக்குக் கேட்காது. பாயில் தூங்கிய குழந்தையைத் தூக்கினான். தருவைகுளத்துக்குத்தான் என்று நினைத்தேன். மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவன் குழந்தையை அவள் கையில் கொடுத்து ஏதோ சொன்னான். புரியவில்லை என்று அவள் தலையசைத்தாள்.

"பிள்ள இங்கனதான் இருக்கும்!" என்று அண்ணன் கத்தினான். "உங்கிட்டதான் இருக்கும்!"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அண்ணன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, அதே சத்தத்தில் இன்னொரு தடவை சொன்னான்.