பொது நடை

அந்த வீட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசல் பெரிய தெருவில் திறக்கும், பின்வாசல் சந்தில். முன்னாலிருந்து பின்னால் வரைக்கும், இடது சுவரை ஒட்டியே, நீளமாக ஒரு வழி ஓடும். அறைகளும் இரண்டு அடுப்படிகளும் அதற்கு வலப்பக்கம் வரிசையாக நிற்கும். ரயில் பெட்டிக்குள் ஓரமாக நடந்துபோவோமே, அந்த மாதிரி. வீட்டில் அதற்குப் பெயர் நடை.

சின்னவள் கல்யாணமாகி வந்த அன்று அந்தச் சொல்தான் அவள் காலை வாரியது. "செருப்பை நடையில விட்டுட்டு வாம்மா" என்றார் மாமனார். அவள் பிறந்த வீட்டில் நடை என்றால் வாசற்படி. அடக்க ஒடுக்கமாக வெளியே போய்ப் படியில் விட்டுவிட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் தெருநாய் வந்து ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. புதுப்பெண் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து, அந்த வீட்டுக்கு அதற்கு முன்பே மருமகளாக வந்திருந்த பெரியவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிப்பை விழுங்கிக்கொண்டே அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"இதுதான் எங்க நடை. இதுக்குள்ள நாய் வராது. வந்தாலும் நான் இருக்கேன், கடிச்சிடுவேன்."

ஓர்ப்படிகள் இருவரும் ஒட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

பெரியவளுக்குத் தையல் வேலை. பள்ளிக்கூடத்துச் சீருடைகள் மூட்டை மூட்டையாக வரும். புருஷன் கொத்தனார். சின்னவளின் புருஷன், அதாவது கொத்தனாரின் தம்பி, பஸ் கண்டக்டர். அந்த வீட்டில் 'நடை' என்ற சொல் காலையிலிருந்து இரவுவரை சும்மா இருந்ததே இல்லை. "இன்னைக்குக் கடைசி நடை எனக்குத்தான், வர லேட்டாகும்" என்பார் கண்டக்டர். "செங்கல் இன்னும் ரெண்டு நடை அடிக்கணும்" என்பார் கொத்தனார். மாமனாருக்கு மருமகள்களின் நடையை வைத்தே யார் வருகிறார்கள் என்று தெரியும். பெரியவள் தரை அதிர வருவாள், சின்னவள் பூனை மாதிரி வருவாள். "இந்த வீட்ல அந்த வார்த்தைக்குத்தான் சம்பளமே இல்லாம இவ்வளவு வேலை" என்று சின்னவள் சொல்லிச் சிரிப்பாள்.

மத்தியானம் சமையல் முடிந்ததும் இரண்டு கதவையும் திறந்துவிடுவார்கள். சந்துக்காற்று உள்ளே புகுந்து தெருப்பக்கம் போகும். பெரியவள் தையல் மிஷினை நடையில் இழுத்துப் போட்டுக்கொள்வாள். சின்னவள் கீழே உட்கார்ந்து பொத்தான் தைப்பாள், பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பாள். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஊர்க்கதை ஒன்று பாக்கி இருக்காது. சில நாள் பேச்சே இருக்காது, மிஷின் மட்டும் ஓடும். அதுவும் பேசிக்கொள்வது மாதிரிதான் இருக்கும்.

அப்படி இருந்த வீட்டில், கண்டக்டர் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். தெருவில் நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை. நடையில் ஏற்றி நிறுத்தினார்.

"நடையில வண்டி வைக்காதடா. வயசானவர் போற வர்ற இடம்" என்றார் கொத்தனார்.

"ஓரமாத்தானேண்ணே நிக்குது."

ஒரு நாள் வெளிச்சம் சரியாக வராத அதிகாலையில், குளியலறைக்குப் போன மாமனார் அந்த வண்டியின் ஸ்டாண்டில் கால் இடித்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, உறவெல்லாம் கூடியிருக்க, கொத்தனார் தம்பியைப் பார்த்து, "உன் வண்டிதாண்டா அப்பாவைக் கொன்னுச்சு" என்று சொல்லிவிட்டார். ஒரு வாக்கியம்தான். அதற்குப் பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது.

வீட்டைப் பிரித்தார்கள். முன்பாதி பெரியவர்களுக்கு, பின்பாதி சின்னவர்களுக்கு. "நடை மட்டும் பொது, அதை யாரும் மறிக்கக் கூடாது" என்று உறவினர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் கொத்தனார் கலவை குழைக்க ஆரம்பித்துவிட்டார். அப்பா விழுந்த இடத்திலேயே, தரையிலிருந்து உத்தரம் வரைக்கும், குறுக்கே சுவர் எழுப்பினார். அந்த நேரத்தில் அவரிடம் யாராலும் எதையும் சொல்லியிருக்க முடியாது. மறுபக்கம் சின்னவள் நின்றிருந்தாள். செங்கல் ஏற ஏற முதலில் அவள் இடுப்பு மறைந்தது, பிறகு தோள், பிறகு முகம். கடைசியாக நெற்றிக்கு மேலே கலைந்து கிடந்த கொஞ்சம் முடி.

கைக்கெட்டும் தூரம் ஒரே நாளில் ஊர் சுற்றும் தூரமாகிவிட்டது. சின்னவள் வீட்டுக்குப் போவதென்றால் இனி முன்வாசலில் இறங்கி, தெருக்கோடி வரை போய், சலவைக் கடையைத் தாண்டித் திரும்பி, சந்துக்குள் நுழைய வேண்டும். அப்படிப் போகவும் தடை. "அந்தப் பக்கம் கால் வச்சே, அப்படியே அங்கேயே இருந்துக்கோ" என்று கொத்தனார் சொல்லிவிட்டார். கண்டக்டரும் தன் பெண்டாட்டியிடம் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருந்தார். அண்ணன் தம்பி ஆயிற்றே, கோபமும் ஒரே அச்சு.

பெரியவளின் பாதி நடை இருண்டுபோனது. மத்தியானத்திலும் விளக்கு போட்டுத்தான் தைக்க வேண்டியிருந்தது. காற்று முன்வாசலில் நுழைந்து, சுவரில் முட்டி, வந்த வழியே திரும்பியது. மிஷினை அவள் தள்ளித் தள்ளிச் சுவரோரமாகக் கொண்டுபோய்விட்டாள். "ஏன் இருட்டுக்குள்ள போய் உக்கார்றே?" என்று புருஷன் கேட்டபோது, "வாசல்ல தூசி" என்றாள். சுவரோரம் காதை வைத்தால் அந்தப் பக்கத்துச் சத்தம் கேட்கும். பாத்திரம் உருளும், குக்கர் விசில் அடிக்கும், சின்னவள் யாரையோ பார்த்துச் சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாது. பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு இருக்கிறாள், விஷயம் மட்டும் தெரியவில்லை! அதுதான் பெரியவளைப் போட்டு வாட்டியது. காஜா எடுப்பதற்கு வேறொரு பெண்ணை வைத்துப் பார்த்தாள். அந்தப் பெண் நன்றாகத்தான் வேலை செய்தாள், ஆனால் இரண்டே வாரத்தில் பெரியவளே ஏதோ சாக்குச் சொல்லி அவளை அனுப்பிவிட்டாள்.

ஒருமுறை அவசரத்தில் கவனிக்காமல் ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டாள். பார்த்தால் கொழுந்தனாரின் பஸ். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், முகத்தைப் பார்க்காமல், "எங்க?" என்றார்.

"கடைத்தெரு."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். ஆனால் கடைத்தெருவில் அவள் இறங்கி, இரண்டு காலையும் ஊன்றி, பையைத் தோளில் சரிசெய்து நிமிரும்வரைக்கும் அவர் விசில் ஊதவில்லை. பின்னால் யாரோ "என்னப்பா, போலாமா?" என்று கத்திய பிறகுதான் ஊதினார். அன்று முழுவதும் பெரியவளுக்கு வேலை ஓடவில்லை.

ஒன்பது வருஷம் இப்படியே போனது. சுவர் எழும்பியபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சின்னவளின் மகன் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போனான். பெரியவளுக்குப் பிள்ளை இல்லை. அவன் போகும்போது முன்வாசல் வழியாக வந்து, "பெரியம்மா, போய்ட்டு வர்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் தாறுமாறாகக் கேட்டது. சலவைக் கடைக்காரி ஓடிவந்து சொன்னாள்: சின்னவளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். பெரியவள் தெருவைச் சுற்றி ஓடிச் சந்துக்குள் நுழைவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்க இரண்டு தடவை வாசல்வரைக்கும் போனாள். கொழுந்தனார் வராந்தாவில் உட்கார்ந்திருப்பது தெரிந்ததும் திரும்பிவிட்டாள். அவர் தலை அவ்வளவு நரைத்திருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

சின்னவள் வீடு திரும்பிய பிறகு சுவர் வழியாகப் புதிதாக ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் ஊன்றுகோல் 'டக்' என்று விழும். அப்புறம் ஒரு காலடி. அப்புறம் தரையைத் தேய்த்துக்கொண்டு இன்னொரு கால். அது மெல்ல மெல்லச் சுவரை நோக்கி வரும். சுவருக்குக் கிட்டே வந்ததும் நின்றுவிடும். திரும்புவதற்கு அவள் படும் பாடு மூச்சில் தெரியும். பூனை மாதிரி நடந்தவளின் நடையா இது! பெரியவள் மிஷினை நிறுத்திவிட்டு, துணியை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

பயிற்சி கொடுக்க வரும் பெண்ணின் குரலும் கேட்கும். "இந்தக் காரிடார் பத்தாதும்மா. நேரா நடக்கறப்ப நல்லாத்தான் வருது, திரும்பறப்பதான் தடுமாறுது. நீளமா ஒரு இடம் இருந்தா சீக்கிரம் தேறிடுவீங்க." சந்தில் நடக்கவும் வழியில்லை. அது மேடும் பள்ளமும், போதாததற்கு வண்டிகள்.

அதற்குச் சில நாள் கழித்து, நல்ல வெயில் வேளையில், அந்தத் திருப்பத்தில் ஊன்றுகோல் நழுவியது. சுவருக்கு அந்தப் பக்கம் 'தொப்'பென்று ஒரு சத்தம்.

"சின்னவளே!"

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வாயிலிருந்து அது தானாக வந்தது.

அந்தப் பக்கம் ஊன்றுகோல் தரையில் உருளும் சத்தம். பிறகு, குழறலாக, "அக்கா... விழுந்துட்டேன்கா."

"வீட்ல யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"அசையாத. வந்துட்டேன்."

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு, வெறுங்காலோடு, தெருவைச் சுற்றி ஓடினாள். நல்லவேளை, பின்கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. அவளை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, கை காலைத் தடவிப் பார்த்தாள். எங்கேயும் முறியவில்லை. முழங்கை மட்டும் சிராய்த்திருந்தது. உதடு ஒரு பக்கம் கோணியிருக்க, சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குண்டாயிட்டீங்கக்கா."

"உன்னை மாதிரி விழுந்து கிடந்தா நானும் இளைப்பேன். வலிக்குதா?"

"இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நடை திரும்ப வந்துடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்லதான் நடை இல்ல."

அவள் சிரித்தாள். பெரியவளால் சிரிக்க முடியவில்லை. அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் கொத்தனார் வந்து கை கால் கழுவியதும், "அந்தச் சுவத்தை எடுங்க" என்றாள்.

"எதை?"

"நடையில இருக்கறதை."

"பைத்தியமா உனக்கு? அப்பா விழுந்த இடம் அது."

"இன்னைக்குச் சின்னவளும் அங்கதான் விழுந்தா. உங்க சுவருக்குக் கீழதான்."

அவர் சாப்பிடாமல் எழுந்து வெளியே போனார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய பையிலிருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்துப்போய், சுவரின் நட்டநடுவில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். காரை கொஞ்சம் உதிர்ந்து கண்ணில் விழுந்தது. மறுபடி அடித்தாள். மூன்றாவது அடியில் கொத்தனார் பின்னால் வந்து நின்றார். அவள் கையை ஓங்கியபடியே, "தடுக்காதீங்க" என்றாள்.

"நடுவுல அடிச்சா உத்தரம் வரைக்கும் விரிசல் விடும்" என்றார் எரிச்சலாக. "மேல் வரிசையில இருந்துதான் எடுக்கணும். தள்ளு அந்தப் பக்கம். வேலை தெரியாம..."

ஸ்டூலைப் போட்டு ஏறினார். தான் கட்டிய சுவரை, ஒரு செங்கல்கூட உடையாமல், மேலிருந்து கழற்ற ஆரம்பித்தார். முதல் வரிசை போனதும் அந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தது. அடுத்த கல்லை எடுப்பதற்குள் மறுபக்கம் இரண்டு கைகள் நீண்டன. கண்டக்டர். கொத்தனார் ஒரு கணம் நின்றார். பிறகு கல்லை அந்தக் கைகளில் வைத்தார். தம்பி அதை வாங்கிச் சந்துப்பக்கம் கொண்டுபோய் அடுக்கிவிட்டு வந்து, மறுபடி கையை நீட்டினார். மாலைவரைக்கும் அவர்கள் பேசியது, "பிடி", "ம்", "பாத்து", அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அதைவிட அதிகமாகப் பேசிக்கொண்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் அன்று இருட்டுவதற்குள் நடை முழுசாகிவிட்டது.

மறுநாளிலிருந்து சின்னவள் முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாக நடந்தாள். பெரியவள் முதலில் கையைப் பிடித்துக்கொண்டு போனாள், பிறகு பின்னாலேயே போனாள், பிறகு மிஷினில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டாள். கடந்துபோன ஒன்பது வருஷத்தையும் இருவரும் பேசித் தீர்க்கப் பார்த்தார்கள். முடிகிற காரியமா அது? "அப்ப நீ ஒரு நாள் விழுந்து விழுந்து சிரிச்சியே, எதுக்குடி?" என்று பெரியவள் கேட்பாள். சின்னவளுக்கு ஞாபகம் இருக்காது. எந்தச் சிரிப்பு என்று எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

ஊன்றுகோல் இல்லாமல் அவள் நடக்க ஆரம்பித்த சமயத்தில் கண்டக்டர் ஓய்வு பெற்றார். மகன் வந்து, "இனிமே தனியா விடமாட்டேன்" என்று இருவரையும் தன்னோடு அழைத்துக்கொண்டு போனான். பெரியவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மகன் செய்ய வேண்டியதைத்தான் செய்தான். மூட்டைகளை எல்லாம் முன்வாசல் வழியாகவே ஏற்றினார்கள். சின்னவள் கடைசியாக வண்டியில் ஏறியபோது, கால் சரியாக ஊன்றுகிறதா என்பதை மட்டுமே பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே மாடி வீடு. வெளியே காரிடார் நல்ல நீளமாம். "நடந்தா ஒவ்வொருத்தரா கதவைத் தொறந்து யாருன்னு பாக்கறாங்கக்கா. எதுத்தாப்ல வந்தா செவுத்தோட ஒட்டிக்கறாங்க. ஒருத்தர் வாயிலேர்ந்தும் ஒரு வார்த்தை வராது" என்று போனில் சொன்னாள். "எப்பக்கா வர்றீங்க?"

"இந்தச் சீருடை வேலை முடியட்டும்."

இரண்டு வருஷம் இதையே சொன்னாள். மூன்றாவது வருஷம் கிளம்பிப் போய் நாலு நாள் இருந்தாள். சாயங்காலங்களில் இருவரும் அந்தக் காரிடாரில் கைகோத்துக்கொண்டு, சத்தமாகப் பேசிக்கொண்டு நடந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள்கூட இரண்டாம் நாளே சிரித்துவிட்டாள். போய்ப் பார்த்துவிட்டு வந்தால் மனசு ஆறும் என்று பெரியவள் நினைத்திருந்தாள். வீடு திரும்பிப் பார்த்தால், ஏக்கம் முன்னைவிட அதிகம்.

கொத்தனார் பையை வாங்கிக் கீழே வைத்தார். "எப்படி இருக்கா?"

"நல்லா நடக்கறா."

அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். காலி டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அவன்?" என்றார்.

"இருக்காரு. உங்க இருமல் எப்படின்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் போகலைன்னேன்."

"ம்" என்று சொல்லிவிட்டு அவர் பின்பக்கம் போய், பூட்டிக் கிடந்த அறைகளைத் தாண்டி, சந்துக் கதவைத் திறந்துவிட்டார். காற்று வந்தது. பெரியவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, தைக்காமல் கிடந்த துணிகளைப் பிரித்து, பொத்தான் டப்பாவைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.