அவசரத்துக்கு அழைக்க

முழுச் சூரிய கிரகணம் பார்க்கக் கண்டியிலிருந்து மெக்சிகோவுக்குப் போன பதினேழு பேரில் தனி ஆள் ஸ்ரீஸ்கந்தராசா மட்டும்தான். ஓய்வுபெற்ற நில அளவையாளர். எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தை வெறுமையாக விட அவருக்கு மனம் வராது. பயணப் படிவத்தில் ‘அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்’ என்ற கட்டத்தையும் சிறிது யோசித்துவிட்டு நிரப்பிக் கொடுத்திருந்தார்.

கடற்கரையில் பட்டப்பகல் நான்கு நிமிடம் இருண்டது. வெளிச்சம் திரும்பியதும் எல்லோரும் சோடி சோடியாகக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிரகணம் விட்டால் முழுக வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தில் அவர் வளர்ந்த வீட்டு வழக்கம். முற்றாக விட்டதும் யாரிடமும் சொல்லாமல் தூரப் போய்க் கடலில் முழுகினார்.

ஈரத்தலையோடு திரும்பியவரை நோக்கி, குழுவை அழைத்துவந்த கண்டி ஹந்தானையைச் சேர்ந்த திலீபன் ஓடிவந்தான்.

“எங்க போனீங்க ஐயா? தேடாத எடமில்ல. நீங்க எழுதிக் குடுத்த கண்டி நம்பருக்கு நாலு தரம் அடிச்சேன், யாருமே எடுக்கல!”

“அது என்ர வீட்டு நம்பர் தம்பி,” என்றார் அவர். “நான் இஞ்ச நிக்கேக்க அங்க ஆர் எடுக்கிறது?”