வேலைத் தளத்தில் வந்த மாப்பிள்ளை

இன்று காலை வேலைத் தொடர்புகளுக்கான இணையதளத்தில் முன்பின் தெரியாத ஒருவர் இணைப்புக் கோரிக்கை அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: "ஏனுங்க, கல்யாணத்துக்கு அப்பறமும் வேலைக்குப் போற யோசனைங்களா?"

நான் பம்பு வடிவமைக்கும் பொறியாளர். கோரிக்கையை நிராகரித்தேன்.

மதியம் அம்மா போன் செய்தார். "ஏங்கண்ணு, அந்தப் பையன வேண்டாம்னு சொல்லிப்போட்டியாமா? அவங்கம்மா சடைச்சுக்கறாங்க."

"எந்தப் பையன்?"

"ஜாதகத்தோட அந்த வேலைத் தளத்துல இருக்கற உன்ற பக்கத்தையும் அப்பா தரகருக்கு அனுப்பிச்சிருந்தாரு. நம்மாளுங்கதான், மில்லு வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராங்க."

"என்னைக் கேட்டீங்களா?"

"அதான் இப்பச் சொல்றனல்ல கண்ணு."

மாலையில் அந்தப் பையனின் அம்மாவிடமிருந்து இணைப்புக் கோரிக்கை. கணக்கு தொடங்கியதே இன்றுதான்.

இவரையும் நிராகரித்தால் அடுத்து யார் வருவார் என்று நினைக்கிறீர்கள்?